ஆடுகளம் நமக்கு, நாற்காலி யாருக்கு?

1911-இல் இங்கிலாந்து சென்ற இந்திய கிரிக்கெட் அணிக்காக நூறு விக்கெட்டுகளுக்கு மேல் வீழ்த்தியவர் பல்வங்கர் பாலு. தலித் என்பதால் பம்பாய் இந்து அணி அவரைக் கேப்டனாக்கவில்லை. 1923-இல்தான் அவர் தம்பி விட்டலுக்கு அது கிடைத்தது.

இன்றும் பெரம்பலூர், அரியலூரில் நம் சேரிப் பிள்ளைகள் கபடியில் கோப்பை வாங்குகிறார்கள். அணியைத் தேர்வு செய்யும், நிதியை ஒதுக்கும் இடத்தில் நம்மவர் எத்தனை பேர்?

அங்கே போகும் வழிகளில் ஒன்று விளையாட்டு மேலாண்மைப் படிப்பு. சென்னை அருகே மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் இது எம்.பி.ஏ. பட்டமாக உண்டு. மாநில இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம். குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கேட்கலாம்.

கல்லூரி கடைசி ஆண்டிலேயே சாதி, வருமான, விளையாட்டுச் சான்றிதழ்களைத் தயாராக வைப்போம். கோப்பை வாங்கிய கை கோப்பிலும் கையெழுத்திடட்டும்.