வாய்க்கால் நிதி வற்றாதிருக்க

குளம் நிறைந்திருந்தும் வாய்க்கால் தூர்ந்திருப்பின் வயலுக்குப் பயனில்லை. வயல் வாய்க்கால்களைத் துப்புரவு செய்தற்கும் மதகுகளைத் திருத்துதற்கும் ஏக்கருக்கு இவ்வளவெனப் பணம் சேர்க்கும் கமக்காரர் அமைப்புகள் பல உள. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பயிர்ச்செய்கைக் குழுக்களை ஏற்படுத்தியது. இன்று கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்படுகின்றன. சட்டம் அமைப்பைத் தரும். நிதியைக் காத்தல் அங்கத்தவர் கடமையாகும்.

இலாபம் கருதாத நிதிக்கு நட்டமில்லை எனச் சிலர் எண்ணுவர். அது தவறாகும். உதாரணமாக, 80 ஏக்கர் வயலையுடைய ஓர் அமைப்பு, போகமொன்றுக்கு ஏக்கருக்கு 500 ரூபா அறவிடுவதாகக் கொள்க. இரு போகத்திற்கும் வருட வரவு 80,000 ரூபா. முதலாம் வருடச் செலவு 60,000 ரூபாவாயின் மீதி 20,000 ரூபா. செலவு வருடந்தோறும் 10,000 ரூபா கூடுமாயின், இரண்டாம் வருட மீதி 10,000 ரூபா. மூன்றாம் வருடம் வரவும் செலவும் சமம். நான்காம் வருடம் 10,000 ரூபாவும் ஐந்தாம் வருடம் 20,000 ரூபாவும் குறைவு. ஈற்றில் கையிருப்பு ஒன்றுமில்லை. ஒருவரும் ஒரு சதமேனும் அபகரித்திலர்; அறவீடு மாறாதிருந்ததே காரணம். அடுத்த பெரும்போகத்தில், நெல் குடலைப் பருவத்திலிருக்கையில் மதகு உடையுமாயின், திருத்தப் பணமிராது, பயிர் வாடும்.

விலையேற்றம் சேமித்த பணத்தையும் அரிக்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருடத்தின் அதே மாதத்திலும் 69.8 வீதம் உயர்ந்திருந்தது. இக்கணக்கின்படி, 2021 செப்டெம்பரில் பெட்டியில் வைத்த 100,000 ரூபா, ஒரு வருடத்தின்பின் ஏறக்குறைய 59,000 ரூபாவின் பொருளையே வாங்க வல்லதாயிற்று.

ஆதலால் கமக்காரர் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் நன்று:

1. ஒவ்வொரு போக ஆரம்பக் கூட்டத்திலும் சென்ற போகச் செலவை வாசித்து, அதற்கேற்ப அறவீட்டைத் தீர்மானித்தல்.

2. வரவுக்கெல்லாம் பற்றுச்சீட்டு வழங்கி, அன்றன்றே காசேட்டிற் பதிதல்.

3. நிலுவையைக் கையிருப்புடன் சேர்த்து எண்ணாது, வேறாக எழுதுதல். வராத பணம் மதகைக் கட்டாது.

4. ஒரு வருடச் செலவுக்குப் போதிய தொகையை ஒதுக்கி, வட்டி தரும் வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பத்துடன் வைத்தல்.

5. ஐந்து வருடக் கணக்கை ஒரே தாளில் அருகருகே எழுதிப் பார்த்தல். ஒரு வருடக் கணக்கிற் புலப்படாத தேய்வு இதனாற் புலப்படும்.

விதைநெல்லை உண்டவன் அடுத்த போகம் விதைக்கமாட்டான். ஒதுக்கு நிதியும் அமைப்பின் விதைநெல்லேயாகும்.