தேயிலை திசைமாறிய மலைச்சாலை

தொண்டிக் கடற்கரையில் புறப்பட்டு மதுரை, தேனி வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையை ஏறிக் கடந்து கொச்சியில் முடியும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மதுரை–கொச்சிப் பகுதி, முன்பு 49ஆம் எண் கொண்ட கொச்சி–தனுஷ்கோடி சாலையைச் சேர்ந்திருந்தது. கீழ்க்கடலையும் மேல்கடலையும் இணைக்கும் இச்சாலையில் பயணிகளை ஈர்ப்பது, போடிநாயக்கனூருக்கும் நேரியமங்கலத்துக்கும் இடைப்பட்ட மலைப்பகுதியே ஆகும்.

போடியைத் தாண்டியதும் சாலை 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டை அடைகிறது. செங்குத்தான சரிவில் வண்டி நேராக ஏற இயலாதாகையால், சாலையை மடித்து மடித்து நீளமாக்கி, ஏற்றத்தின் கடுமையைக் குறைப்பதே இவ்வளைவுகளின் நோக்கம். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பதும், ஏறப் பயன்படுத்திய கியரிலேயே இறங்க வேண்டும் என்பதும் மலைச்சாலையின் பழைய விதிகள். தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும் என்பதால், வண்டியின் வேகத்தை எஞ்சினே அடக்குமாறு விடுவது நல்லது. காட்சிக்காக வருவோர் மெல்ல ஊர்ந்து செல்லும் இதே வளைவுகளில்தான், ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் காலையில் ஏறி மாலையில் இறங்குகின்றன.

மெட்டைக் கடந்தவுடன் நிலத்தின் நிறம் மாறிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையின் மேற்குச் சரிவில் மழையாகக் கொட்டிவிடுவதால், கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் குறைந்துவிடுகிறது. இப்படி மழை குன்றிய பகுதியை மழைமறைவுப் பிரதேசம் என்பர். போடியின் புதர்க்காட்டிலிருந்து பூப்பாறையின் ஏலக்காட்டுக்கும், தேவிகுளத்தின் தேயிலைச் சரிவுக்கும் சில மணி நேரத்தில் சென்றுவிடலாம் என்பதே இப்பயணத்தின் உண்மையான அதிசயம். தேவிகுளத்தை அடுத்துள்ள கேப் ரோடு பகுதியில் மழைக்காலத்தில் மண்சரிவு நேர்வதுண்டு. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்வோர், சாலை திறந்திருக்கிறதா என்று விசாரித்துப் புறப்படுவது அறிவுடைமை.

தேவிகுளத்துக்கு அப்பால் இச்சாலையிலுள்ள மூணாற்றுக்குச் செல்வோர் பலரும் அறியாத செய்தி ஒன்றுண்டு. இம்மலையின் தேயிலை தொடக்கத்தில் கொச்சிக்கு அன்றித் தமிழகக் கடற்கரைக்கே சென்றது. 1902இல் மூணாற்றிலிருந்து மலைமுகட்டிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைக்கப்பட்டு, 1908இல் அது இரண்டடி அகலமுள்ள குறுகிய ரயில்பாதையாக மாற்றப்பட்டது. டாப் ஸ்டேஷனை அடைந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவட ஊர்தியில், அதாவது உயரத்தில் கட்டிய கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்தியில், கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போயின. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என மலையாளிகள் இன்றும் குறிப்பிடும் 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அழித்தது. அது மீண்டும் போடப்படவேயில்லை.

மூணாற்றுக்கு மேற்கே சாலை அடிமாலியைக் கடந்து, வாளறை, சீயப்பாறை அருவிகளை ஒட்டி இறங்குகிறது. மழை ஓய்ந்த சில வாரங்களில் அருவிகள் நிறைந்திருக்கும், சரிவுகளும் ஓரளவு உறுதிபட்டிருக்கும் என்பதால் அதுவே ஏற்ற பருவம். பெரியாற்றின்மேல் வளைவுகளாலான நேரியமங்கலம் பாலம் 1935இல் திறக்கப்பட்டபின், மூணாற்றின் போக்குவரத்து மேற்குக் கடற்கரையோடு உறுதியாகப் பிணைந்தது. பாலத்துக்கு அப்பால் ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த கோதமங்கலமும் மூவாற்றுப்புழையும் விரைவில் கடந்துவிடுகின்றன. ஒருகாலத்தில் தூத்துக்குடியை நோக்கிச் சென்ற மலைத்தேயிலை இன்று ஏலத்துக்கு வருவது, இச்சாலை முடியும் கொச்சியில்தான்.