12 ஆட்டம்... ஒரே ஒரு வெற்றி!

குட்டீஸ்... ஒரு வருடத்தில் 12 பரீட்சை. அதில், 10ல் பெயில். ஒன்றில் பாஸ். இன்னொன்று பாசும் இல்லை, பெயிலும் இல்லை. இப்படி ஒரு மார்க் ஷீட்டை வீட்டுக்கு எடுத்துப் போனால் என்ன நடக்கும்? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது இல்லையா?

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு அணி, 1958ம் ஆண்டு இப்படி ஒரு மார்க் ஷீட் வாங்கியது. அணியின் பெயர் கிரீன் பே பேக்கர்ஸ். 12 ஆட்டம் ஆடி, 10ல் தோல்வி, ஒரு டிரா, ஒரே ஒரு வெற்றி. பால்டிமோர் கோல்ட்ஸ் அணியோடு ஆடிய ஓர் ஆட்டத்தில் 56க்கு பூஜ்யம் என்று உதை வாங்கினார்கள். அடுத்த வருடம் ஒரு வாத்தியார் வந்தார். அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதலில் விளையாட்டைத் தெரிந்து கொள்ளுங்கள். இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை, அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால் இருக்கிறதே தவிர, பெரும்பாலும் கைதான் வேலை செய்யும். பந்து, இரண்டு முனையும் கூராக நீண்டிருக்கும். அணிக்கு 11 பேர். தலையில் ஹெல்மெட், தோளில் கனமான பட்டை. பந்து வைத்திருக்கும் அணி, நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால், இன்னும் நான்கு முயற்சி கிடைக்கும். இப்படியே போய் எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி. எதிரணிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கட்டிப் பிடித்து, தரையில் சாய்ப்பார்கள். எல்லாம் விதிப்படிதான்!

பந்தை முதலில் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, யாரை நோக்கி எறிவது என்று முடிவு செய்பவருக்கு, 'குவாட்டர்பேக்' என்று பெயர். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

இனி ஊரைப் பார்ப்போம். விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் ஒரு விரிகுடாவை ஒட்டி இருக்கிறது கிரீன் பே. காகித ஆலைகள் நிறைந்த ஊர். குளிர் காலத்தில் பல் கிட்டித்துப் போகும். 1960ல் அங்கே இருந்தவர்கள் சுமார் 63 ஆயிரம் பேர்தான். நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் அணிகளோடு, இந்தச் சின்ன ஊர் மோத வேண்டும்.

1919ல், கர்லி லாம்போ என்ற இளைஞர், தான் வேலை பார்த்த கம்பெனியிடம் சட்டைக்கும் பந்துக்கும் 500 டாலர் வாங்கி, நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஆரம்பித்த அணி இது. அந்தக் கம்பெனியின் பெயர், 'இந்தியன் பேக்கிங் கம்பெனி!' பெயரைப் பார்த்து ஏமாந்து விடாதீர்கள்... அது இறைச்சியை டப்பாவில் அடைத்து விற்ற அமெரிக்கக் கம்பெனி. 'பேக்கிங்' செய்பவர்கள் என்பதால், பேக்கர்ஸ்.

இந்த அணிக்கு முதலாளி கிடையாது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஊர் மக்களே பங்கு வாங்கி நடத்துகிறார்கள். பங்கு வாங்கியவருக்கு லாபமாக ஒரு காசு கூட வராது. 'இது எங்கள் அணி' என்று சொல்லிக் கொள்ளலாம், அவ்வளவுதான். 1950ல் கையில் பணமில்லாமல் தவித்தபோது, ஒரு பங்கு 25 டாலர் என்று விற்று, சுமார் 1 லட்சத்து 18 ஆயிரம் டாலர் சேர்த்து அணியைக் காப்பாற்றினார்கள். 1956ல் ஓட்டெடுப்பு நடத்தி, புது மைதானம் கட்ட சம்மதித்தார்கள். மைதானம் 1957ல் திறக்கப்பட்டது. அடுத்த வருடமே இந்த 10 தோல்வி!

சின்ன ஊர் அணிகளுக்கு ஓர் ஆபத்து உண்டு. தோற்றால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் பணம் வராது. பணம் இல்லாவிட்டால், அணியை ஏதாவது ஒரு பெரிய நகரம் கொத்திக் கொண்டு போய்விடும். போர்ட்ஸ்மவுத் என்ற சிற்றூரின் அணி 1934ல் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய், லயன்ஸ் என்று பெயர் மாறியதை கிரீன் பே மக்கள் அறிவார்கள். 1947க்குப் பிறகு ஒரு வருடம் கூட, தோல்வியை விட வெற்றி அதிகம் என்று அவர்கள் பார்த்ததில்லை. கவலை இருக்காதா?

1958ல் கோச்சாக இருந்தவர் நல்ல மனிதர். வீரர்களோடு உட்கார்ந்து சீட்டாடும் அளவுக்கு நண்பர். ஆனால், அவர் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சீசன் முடிந்ததும் விலகி விட்டார்.

1959 ஆரம்பத்தில் வந்தார் வின்ஸ் லொம்பார்டி. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், இறைச்சிக் கடைக்காரர் மகனாகப் பிறந்தவர். இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் உதவி கோச். அப்போது வயது 45. எந்தத் தொழில்முறை அணிக்கும் அதுவரை தலைமை கோச்சாக இருந்ததில்லை.

அதற்கு முன் அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார்! நியூஜெர்சியில், செயின்ட் சிசிலியா என்ற பள்ளியில், 1939 முதல் எட்டு வருடம் லத்தீன், வேதியியல், இயற்பியல் சொல்லிக் கொடுத்தார். சாயங்காலம் அந்தப் பள்ளி அணிக்குப் பயிற்சி. வகுப்பில் கடைசியாகப் புரிந்து கொள்ளும் பிள்ளைக்குப் புரியும் வரை அடுத்த பாடத்துக்குப் போக மாட்டாராம். நானும் கரும்பலகை முன் காலம் கழித்த ஆள் என்பதால் சொல்கிறேன்... சொல்வது சுலபம், செய்வதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பது நின்று பார்த்தவருக்குத்தான் தெரியும்.

கிரீன் பே வந்ததும், முழு அதிகாரமும் தன்னிடமே இருக்க வேண்டும் என்று நிர்வாகிகளிடம் கண்டிப்பாகச் சொல்லி விட்டார். பிறகு அறையில் உட்கார்ந்து, புரொஜெக்டரில் 1958 ஆட்டங்களின் படச் சுருள்களைப் போட்டுப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். ஒவ்வொரு வீரரும் எங்கே நிற்கிறார், எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக் கொண்டார்.

இங்கேதான் வேடிக்கை. அந்தத் தோற்றுப் போன அணியில், பிற்காலத்தில் 'புகழ் மண்டபம்' என்ற மிகப் பெரிய கவுரவத்தைப் பெற்றவர்கள் எட்டுப் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள்! பார்ட் ஸ்டார், பால் ஹார்னங், ஜிம் டெய்லர், ரே நிட்ஷ்கி, ஜெர்ரி கிரேமர்... எல்லாரும் அங்கேயே இருந்தார்கள். இருந்தும் தோற்றார்கள்.

ஹார்னங்கை எடுத்துக் கொள்ளுங்கள். கல்லூரி ஆட்டத்தில் நாட்டிலேயே சிறந்த வீரர் என்ற 'ஹெய்ஸ்மன்' பரிசு வாங்கியவர். இங்கே வந்ததும் ஒருநாள் இந்த இடம், ஒருநாள் அந்த இடம் என்று மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். லொம்பார்டி படத்தைப் பார்த்து, 'உனக்கு இடது பக்க ஹாப்பேக் இடம்; இனி அதுதான்' என்று முடிவு செய்தார். அந்த 1959 சீசனில், லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் ஹார்னங்... 94 புள்ளி!

புது ஆட்களும் சிலர் வந்தார்கள். அணியின் பெரிய நட்சத்திரமான பில்லி ஹவ்டனையே வேறு அணிக்கு மாற்றி விட்டார் லொம்பார்டி. ஜயன்ட்சிலிருந்து எம்லன் டன்னல் என்ற அனுபவசாலியைக் கொண்டு வந்தார். டன்னல் கறுப்பினத்தவர். அப்போது கிரீன் பேயில் கறுப்பினத்தவர் மிகக் குறைவு. அமெரிக்காவின் பல இடங்களில் அவர்களை ஓட்டலுக்குள் கூட விடாத காலம். லொம்பார்டியோ, நிறத்தை வைத்து யாரையாவது இழிவாகப் பேசினால், அந்த நிமிடமே அணியில் இடமில்லை என்று அறிவித்து விட்டார். டன்னல், 1967ல் புகழ் மண்டபத்தில் இடம் பெற்ற முதல் கறுப்பின வீரர் ஆனார்.

ஜூலையில், செயின்ட் நார்பர்ட் கல்லூரியில் பயிற்சி முகாம். வீரர்களுக்கு வியர்வை ஆறாக ஓடியது. நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். குரல் கொடுத்ததும் தொப்பென்று குப்புற விழ வேண்டும். உடனே எழுந்து மறுபடி ஓட வேண்டும். மறுபடி விழ வேண்டும். எத்தனை முறை என்று கேட்கக் கூடாது! கூட்டத்துக்குச் சொன்ன நேரத்தை விட, 15 நிமிடம் முன்பே வர வேண்டும். சரியான நேரத்துக்கு வந்தால், 'லேட்' என்று அர்த்தம். இதற்கு, 'லொம்பார்டி நேரம்' என்று பெயரே வந்து விட்டது.

ஆனால், பாடம் என்னவோ சின்னது. நூறு தந்திரம் சொல்லித் தரவில்லை. முக்கியமாக ஒரே ஓர் ஆட்டமுறை: 'ஸ்வீப்'. பந்து ஹார்னங் கையில். முன்வரிசையில் நிற்கும் இரண்டு 'கார்டு'கள் நேராக முட்டாமல், சட்டென்று பின்வாங்கிப் பக்கவாட்டில் ஓடி, ஹார்னங்குக்கு முன்னால் வழி உண்டாக்கிக் கொண்டே போவார்கள். எந்தப் பக்கம் இடைவெளி தெரிகிறதோ, அந்தப் பக்கம் ஹார்னங் புகுந்து ஓடுவார். எதிரணிக்கு இது வரப்போகிறது என்று தெரியும். தெரிந்தும் தடுக்க முடியாதபடி, 11 பேரும் தன் தன் அடியைத் தப்பாமல் வைக்க வேண்டும். அதற்காக அதையே நாள்தோறும் செய்தார்கள். லொம்பார்டி இந்த ஒரே ஆட்டமுறையைப் பற்றி எட்டு மணி நேரம் பாடம் நடத்தியதைக் கேட்டதாக, பின்னாளில் பெரிய கோச்சான ஜான் மேடன் சொல்வதுண்டு.

கார்டுகளில் ஒருவர் ஜெர்ரி கிரேமர். ஒருநாள் பயிற்சியில், சைகை வருவதற்கு முன்பே நகர்ந்து விட்டார். லொம்பார்டி, அவர் முகத்துக்கு நேரே வந்து, 'கல்லூரிப் பையனுக்கு இவ்வளவு நிமிடம் கவனம் நிற்கும், பாலர் வகுப்புப் பிள்ளைக்குக் கூட அரை நிமிடம் நிற்கும். உனக்கு அதுவும் இல்லை' என்று எல்லார் முன்னாலும் கத்தித் தீர்த்தார். கிரேமர், உடை மாற்றும் அறையில் தனியாக உட்கார்ந்து, 'விட்டுவிட்டுப் போய் விடலாமா' என்று யோசித்துக் கொண்டிருந்தார். லொம்பார்டி வந்தார். தலைமுடியைக் கலைத்து விட்டு, 'ஒருநாள் நீதான் இந்த ஆட்டத்திலேயே சிறந்த கார்டாக இருப்பாய்' என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தைதான் தன்னை மாற்றியது என்று கிரேமர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்தக் கத்தல் பிடிக்கவில்லை குட்டீஸ். எல்லார் முன்பும் அவமானப்பட்டால், பாதிப் பிள்ளைகள் சுருண்டு விடுவார்கள். பார்ட் ஸ்டாரும் அப்படித்தான் நினைத்தார். அவர், 1956 தேர்வில் 200வது ஆளாக எடுக்கப்பட்ட, மெல்லப் பேசும் குவாட்டர்பேக். ஒருமுறை பயிற்சியில் தன்னை எல்லார் எதிரிலும் திட்டிய பிறகு, லொம்பார்டியின் அறைக்குப் போய், 'தவறு செய்தால் இங்கே வைத்துத் திட்டுங்கள். என்னைத் தலைவனாக நம்ப வேண்டியவர்கள் முன்னால் திட்டாதீர்கள்' என்று பணிவாகக் கேட்டார். லொம்பார்டி ஒப்புக் கொண்டார். அதற்குப் பிறகு, ஸ்டாரை எல்லார் முன்பும் அவர் திட்டவே இல்லை. வாத்தியாரும் கற்றுக் கொள்ளலாம்தானே!

செப்டம்பர் 27, 1959. சொந்த ஊரில் முதல் ஆட்டம். எதிரே, பக்கத்து மாநிலத்துப் பரம எதிரியான சிகாகோ பேர்ஸ். கடைசி கால் பகுதி வரை, 6க்கு பூஜ்யம் என்று பின்தங்கி இருந்தார்கள். ஜிம் டெய்லர் பந்தோடு எல்லைக்குள் பாய்ந்தார். முடிவில், 9க்கு 6. வெற்றி! வீரர்கள், கோச்சைத் தோளில் தூக்கிக் கொண்டு மைதானத்தை விட்டுப் போனார்கள். அடுத்த இரண்டு ஆட்டமும் வெற்றி. ஊரே துள்ளியது.

அப்புறம்? 45க்கு 6 என்று லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்சிடம் மரண அடி. பிறகு கோல்ட்சிடம் தோல்வி. லொம்பார்டியின் பழைய அணியான ஜயன்ட்சிடம், நியூயார்க்கில் வைத்துத் தோல்வி. சிகாகோவிடம் தோல்வி. மறுபடி கோல்ட்சிடம் தோல்வி. வரிசையாக ஐந்து!

பழைய கதை திரும்பி விட்டதா என்று யாருக்கும் தோன்றும். ஆனால், அந்த ஐந்தாவது தோல்வியின் கணக்கைப் பாருங்கள்: 28க்கு 24. கோல்ட்ஸ், அப்போதைய லீக் சாம்பியன். முந்தின வருடம் இதே கோல்ட்ஸ்தான் 56க்கு பூஜ்யம் என்று நசுக்கியது. வெறும் நான்கு புள்ளி இடைவெளிக்கு வந்து விட்டார்கள். தோல்வி என்று பட்டியலில் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றா, சொல்லுங்கள்!

லொம்பார்டி பாடத்தை மாற்றவில்லை. அதே ஸ்வீப்; அதே ஓட்டம்; அதே 15 நிமிடம் முன்னதாக வருகை. குவாட்டர்பேக் இடத்தில் மட்டும் ஒரு மாற்றம். சீசன் ஆரம்பத்தில் ஆடிய லமார் மக்ஹானுக்குக் காயம் பட்டதால், பின்பாதியில் பார்ட் ஸ்டாருக்கு வாய்ப்பு வந்தது.

கடைசி நான்கு ஆட்டம். வாஷிங்டனை 21க்கு பூஜ்யம். டெட்ராய்ட்டை 24க்கு 17. எந்த ராம்சிடம் 45 வாங்கினார்களோ, அதே ராம்சை அதன் சொந்த ஊரிலேயே 38க்கு 20. சான் பிரான்சிஸ்கோவை 36க்கு 14. நான்கிலும் வெற்றி! மொத்தம் 7 வெற்றி, 5 தோல்வி. கோப்பை இல்லை, ஆனால், 12 வருடத்துக்குப் பிறகு வெற்றி, தோல்வியை முந்தியது. 'ஆண்டின் சிறந்த கோச்' விருது லொம்பார்டிக்குக் கிடைத்தது.

மறுவருடம் இறுதிப் போட்டி வரை போய், 17க்கு 13 என்று பிலடெல்பியாவிடம் தோற்றார்கள். அதற்குப் பின் 1961, 1962, 1965, 1966, 1967 என்று ஐந்து முறை சாம்பியன். 'சூப்பர் பவுல்' என்று உலகம் பார்க்கும் போட்டியின் முதல் இரண்டு கோப்பையும் இவர்களுக்குத்தான். லொம்பார்டி, புற்றுநோயால் 1970 செப்டம்பரில் இறந்தபோது வயது 57. சூப்பர் பவுலில் ஜெயிக்கும் அணிக்குக் கொடுக்கும் வெள்ளிக் கோப்பைக்கு, அவர் பெயரையே வைத்து விட்டார்கள்.

கிரேமர் புகழ் மண்டபத்துக்குப் போக, 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 82!

அணி, கிரீன் பேயை விட்டு எங்கும் போகவில்லை. இப்போது 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் பங்குதாரர்கள். 1957ல் கட்டிய மைதானத்துக்கு இன்று லாம்போ பீல்டு என்று பெயர். 80 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். என்றாவது அங்கே போனால், முகப்பில் இருக்கும் பெரிய கடிகாரத்தைப் பார்த்து உங்கள் வாட்ச்சைத் திருத்தி விடாதீர்கள். அதை 2012ல், 15 நிமிடம் முன்னால் தள்ளி வைத்து விட்டார்கள்!