வருத்தக் கணக்கும் ஆட்டச் சமநிலையும்

பலர் ஆடும் ஓர் ஆட்டத்தில், மற்றவர்கள் தத்தம் முடிவில் நிலைத்திருக்க, எவரும் தம் முடிவை மட்டும் மாற்றிக் கூடுதல் ஆதாயம் பெற முடியாத நிலையே சமநிலை எனப்படும். வரம்புக்குட்பட்ட ஆட்டம் ஒவ்வொன்றிலும், நகர்வுகளை நிகழ்தகவோடு கலந்து ஆட இடமளித்தால், அத்தகைய சமநிலை ஒன்றேனும் உண்டென்று ஜான் நாஷ் 1950இல் நிறுவினார். ஆனால் ஆட்டக்காரர்கள் அதை எவ்வாறு சென்றடைவார்கள் என்பதற்கு அந்த நிறுவலில் விடையில்லை. எல்லோருடைய ஆதாயத்தையும் அறிந்த நடுவர் ஒருவரும் இல்லாமல், அவரவர் தாம் கண்டதைக் கொண்டே தம் ஆட்டத்தைத் திருத்திக்கொண்டு சமநிலையை நாடும் வழிமுறைகள் பரவல் தகவமை வழிமுறைகள் ஆகும்.

எதிராளி இதுவரை ஆடிய நகர்வுகளின் விகிதத்தைக் கணித்து, அதற்குச் சிறந்த பதிலை ஆடும் முறையை ஜார்ஜ் பிரவுன் 1951இல் வெளியிட்டார். ஒருவரின் வரவு மற்றவரின் இழப்பாகும் இருவர் ஆட்டத்தில் அது பலிக்கும் என்று ஜூலியா ராபின்சன் அதே ஆண்டில் மெய்ப்பித்தார். ஆளுக்கு மூன்றே நகர்வுகள் கொண்ட வேறொரு வகை ஆட்டத்தில் அது ஓயாமல் சுழல்வதை லாயிட் ஷேப்லி 1964இல் காட்டினார்.

செர்ஜியு ஹார்ட்டும் ஆண்ட்ரு மாஸ்-கோலெல்லும் 2000இல் முன்வைத்த முறை, எதிராளியைக் கணிப்பதை விட்டு, வேறு நகர்வை ஆடியிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கும் ஆதாயமாகிய தன் வருத்தத்தைக் கணக்கிடுகிறது. அதன் எளிய வடிவத்தைக் கல், காகிதம், கத்தரி ஆட்டத்திலேயே பார்த்துவிடலாம். கல்லைக் காட்டியவர் காகிதத்திடம் தோற்று ஒரு புள்ளி இழக்கிறார். காகிதம் காட்டியிருந்தால் சமன், ஆகவே அதன் வருத்தம் 1. கத்தரி காட்டியிருந்தால் வெற்றி, ஆகவே அதன் வருத்தம் 2. அடுத்த சுற்றில் அவர் காகிதத்தை மூன்றில் ஒரு பங்கு, கத்தரியை மூன்றில் இரு பங்கு வாய்ப்போடு தேர்கிறார். வருத்தங்கள் சுற்றுக்குச் சுற்று கூட்டப்பட, நேர்மதிப்புள்ளவை மட்டும் வாய்ப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஏதேனும் ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் ஆட்டம் தாறுமாறாகவே தெரியும். இருவரும் இதையே பின்பற்றினால், நெடுங்காலச் சராசரிதான் மூன்று நகர்வுகளுக்கும் சமபங்கை நெருங்குகிறது.

பலர் ஆடும் பொது ஆட்டங்களில் இம்முறையின் நுட்பமான வடிவம் சென்றடைவது நாஷ் சமநிலையை அன்று. ராபர்ட் ஆமன் 1974இல் வரையறுத்த, சாலைச் சந்திப்பின் சைகை விளக்குக்கு எல்லோரும் தாமாகவே கட்டுப்படுவதை ஒத்த, தொடர்புறு சமநிலைகளின் தொகுதியை. அதைக் குறையென்று கொள்வதற்கில்லை. பிறர் ஆதாயத்தை அறியாது, தற்செயலுக்கு இடமின்றி, நடப்பு நிலையை மட்டும் பார்த்து நகரும் நெறி எதுவும் எல்லா ஆட்டங்களிலும் நாஷ் சமநிலைக்கு இட்டுச்செல்லாது என்பதை ஹார்ட்டும் மாஸ்-கோலெல்லுமே 2003இல் நிறுவினர்.

வருத்தக் கணக்கை ஒவ்வொரு முடிவெடுக்கும் கட்டத்திலும் தனித்தனியே நடத்திய ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பந்தய வரம்புள்ள இருவர் போக்கர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ முழுத் தீர்வை 2015இல் வெளியிட்டனர். அதற்கு 4,800 கணிப்பொறிக் கருக்கள் 68 நாள்களுக்குமேல் இயங்கின.