மீனும் நியூட்டும் ஒரே தொட்டியில்

நியூட் என்பது சாலமாண்டர் வகையைச் சேர்ந்த, வாலுள்ள ஓர் இருவாழ்வி. பார்ப்பதற்குப் பல்லியைப் போல இருந்தாலும் இதற்குச் செதில்கள் கிடையாது. ஈரமான மெல்லிய தோலின் வழியாகவும் சுவாசிக்கும். பெரும்பாலான இனங்கள் இனப்பெருக்கக் காலத்தில் நீரிலும் மற்ற மாதங்களில் ஈரமான நிலத்திலும் வாழ்கின்றன. அழகுக்காக இவற்றை மீன்களுடன் ஒரே தொட்டியில் விடுவது உண்டு. ஆனால் இரண்டுக்கும் ஒத்துவரும் நீர் என்பது பெரும்பாலும் அமைவதில்லை.

தென்னிந்தியாவில் நியூட்கள் இயற்கையாக இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் தவளைகளும், புழுவைப் போன்ற காலில்லாத சிசிலியன்களும் மட்டுமே உள்ளன. இந்தியாவின் நியூட்கள் டார்ஜிலிங், சிக்கிம் உள்ளிட்ட இமயமலைப் பகுதிகளிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் காணப்படுகின்றன. டார்ஜிலிங் மாவட்டத்தின் ஜோர்போக்ரி சரணாலயம் இவற்றுக்குப் பெயர் பெற்றது. இமாலய நியூட் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவதால், அதைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும். மீன் சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் அதன் உறவினரான ஆக்சலாட்டல். மெக்சிக்கோவைச் சேர்ந்த இது வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கும்.

முதல் சிக்கல் வெப்பம். நியூட், ஆக்சலாட்டல் இரண்டுக்கும் ஏறத்தாழ 15 முதல் 20 பாகை செல்சியசு வரையான நீர் ஏற்றது. 24 பாகையைத் தாண்டினால் உணவைத் தவிர்க்கும். நோய் எளிதில் தொற்றும். கோட்டூர்புரத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டின் தொட்டி நீர், ஆண்டின் பெரும்பகுதி 27 முதல் 31 பாகை வரை இருக்கும். கப்பி, மோலி, ஏஞ்சல் போன்ற மீன்களுக்கு அது சுகமான நீர். சில்லர் வைத்து 18 பாகைக்குக் கொண்டுவந்தால் நியூட் பிழைக்கும், ஆனால் அந்த மீன்கள் சோர்ந்துவிடும். மின்வெட்டு நாளில் நியூட்டும் தப்பாது. சூடான நீரில் ஆக்சிசனும் குறைவு: 18 பாகையில் ஒரு லிட்டரில் சுமார் 9.5 மில்லிகிராம் கரையும். 30 பாகையில் சுமார் 7.5 தான்.

குளிர்நீரைத் தாங்கும் தங்கமீன் சரியான துணை என்று பலர் எண்ணுகிறார்கள். அது நியூட் குஞ்சுகளின் செவுள்களைக் கடிக்கும், தீனியையும் முந்திக்கொண்டு தின்னும், கழிவும் அதிகம். அதனால் உயரும் அம்மோனியா, நியூட்டின் தோலை நேரடியாகத் தாக்கும். கண்ணாடியைச் சுத்தம் செய்ய விடப்படும் சக்கர் மீன், இரவில் நியூட்டின் தோலில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கக்கூடும். எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. ஆக்சலாட்டல் தன் வாயில் அடங்கும் எதையும் விழுங்கப் பார்க்கும்; முள்ளுள்ள கெளுத்தி மீன் தொண்டையில் சிக்கினால் இரண்டுமே இறக்கும். சில நியூட்களின் தோலில், பேத்தை மீனில் உள்ள அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு இருக்கிறது. அதைக் கடிக்கும் மீன் சாகக்கூடும்.

இந்த மோதல் இயற்கையிலும் நடந்திருக்கிறது. மெக்சிக்கோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்களில் உணவுக்காக விடப்பட்ட திலாப்பியாவும் கெண்டையும் ஆக்சலாட்டலின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. நீர் மாசும் சேர்ந்துகொண்டது. 1998 இல் ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6,000 இருந்தவை, 2014 வாக்கில் 36 ஆகக் குறைந்தன.

ஆகவே மீனுக்கு ஒரு தொட்டி, நியூட்டுக்கு வேறொன்று. வலை, குழாய், வாளிகூடத் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆசியாவிலிருந்து வணிகம் வழியாகப் பரவியதாகக் கருதப்படும் பிசால் என்னும் பூஞ்சை, 2013 இல் அடையாளம் காணப்படுவதற்குள் நெதர்லாந்தின் தீ சாலமாண்டர்களைப் பெருமளவு அழித்துவிட்டது. அது நீர் வழியாகவும் பரவும். வளர்க்க முடியாமல் போனால் அடையாற்றிலோ ஏரியிலோ விடக்கூடாது. சக்கர் மீன்கள் தமிழக நீர்நிலைகளில் பெருகியதற்கு அப்படி விட்டதும் ஒரு காரணம். ஆக்சலாட்டல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், 2024 இல் வந்த விதிகளின்படி அதை வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.