‘ரெக்கார்டுல இருக்கிற மாதிரியே’ வாசிக்கணுமா? லைவ் கிட்டார் பதிவுகளில் ரசிகர்கள் ஏன் இரண்டு கட்சி?

ஒரே பாட்டு. ஒரே கிட்டார் சோலோ. மேடையில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருத்தர், “அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கு” என்று கொண்டாடுகிறார். பக்கத்தில் இருப்பவரோ, “அப்படியேதான் இருக்கப்போகுதுன்னா வீட்டுலயே ரெக்கார்டு கேட்டிருக்கலாமே” என்கிறார். ரெண்டு பேரும் இசை தெரிந்தவர்கள்தான். அப்புறம் ஏன் ஒத்துப்போக மாட்டேங்குது? விரிவாகப் பார்க்கலாம்.

எதைப் பற்றித்தான் சண்டை?

லைவ் கிட்டார் பதிவுகளைப் பற்றி ரசிகர்கள் மோதிக்கொள்ளும்போது, பெரும்பாலும் நான்கு கேள்விகளில்தான் வந்து நிற்பார்கள்.

1. ஸ்டுடியோவில் வாசித்ததையே வாசிக்கணுமா, மாத்தலாமா?
2. சோலோ எவ்வளவு நேரம் போகலாம்?
3. வேகம் பெருசா, உணர்வு பெருசா?
4. ‘லைவ்’ என்று சொல்லி விற்பது உண்மையிலேயே லைவ்தானா?

இந்த நான்குக்கும் தமிழ்நாட்டு ரசிகர் சொல்லும் பதிலும், ப்ளூஸ், ராக் ரசிகர் சொல்லும் பதிலும் ஒன்றாக இருக்காது. அதற்குக் காரணம் இருக்கிறது.

நம்ம ஊர் அளவுகோல் எங்கிருந்து வந்தது?

தமிழில் கிட்டார் என்று சொன்னாலே பலருக்கு முதலில் ஞாபகம் வருவது ‘இளைய நிலா’. 1982-ல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாட்டு. இளையராஜா இசை, எஸ்.பி.பாலசுப்ரமணியம் குரல். கிட்டார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். இளையராஜாவின் குழுவில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் சகோதரர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் இசைக்குறிப்பை எழுதிக் கொடுப்பவர். அவரே கிட்டார் வாசிப்பவர். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறியவர். ஆக, அவர் பாட்டில் வரும் கிட்டார் பகுதி, வாசிப்பவர் அந்த நேரத்தில் தோன்றியதை வாசித்தது அல்ல. மெட்டும் பாடல் வரியும் எப்படியோ, அதுவும் அப்படித்தான். அதில் கை வைத்தால் ரசிகருக்குப் பாட்டு வரியை மாற்றிப் பாடின மாதிரி இருக்கும்.

நெய்வேலி டவுன்ஷிப்பை எடுத்துக்கோங்க. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, பல மாவட்டங்களில் இருந்தும் வெளிமாநிலங்களில் இருந்தும் வேலைக்கு வந்தவர்களால் உருவான ஊர். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய இந்த மாதிரி ஊர்களில், கோயில் திருவிழாவுக்கு வரும் லைட் மியூசிக் மேடைதான் பலருக்கு முதல் லைவ் கச்சேரி. சென்னையில் பாட்டு பதிவான ஸ்டுடியோவையும் பார்த்ததில்லை, அங்கே கிட்டார் வாசித்தவர் பெயரும் தெரியாது. தெரிந்தது ரேடியோவும் கேசட்டும்தான். அப்போ மேடையில் நிற்கும் கிட்டார்காரரை எதை வைத்து அளப்பது? கேசட்டை வைத்துத்தான். “கேசட்டுல இருக்கிற மாதிரியே வாசிக்கிறான்யா” என்பதுதான் அங்கே கிடைக்கும் பெரிய பட்டம்.

இது ரசனைக் குறைவு இல்லை. இசைக்குறிப்பாக எழுதப்பட்ட ஒரு படைப்பை நியாயமாக அளக்கும் முறை அது.

ப்ளூஸில் ஏன் மாற்றி வாசிக்கிறார்கள்?

அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸின் எலும்புக்கூடு ரொம்ப எளிமையானது. பெரும்பாலான பாட்டுகளில் 12 ‘பார்’ கொண்ட ஒரு சுற்று, அதற்குள் மூன்று முக்கியமான கார்டு. சுற்று முடிந்ததும் மறுபடி முதலில் இருந்து. இந்த வட்டத்துக்குள் புதிதாக என்ன சொல்லப்போகிறார் என்பதுதான் கிட்டாரிஸ்டுக்கு வைக்கப்படும் பரீட்சை. எழுதி வைத்ததை ஒப்பிப்பதற்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை.

நமக்குப் புரியும்படி சொன்னால், கல்பனா ஸ்வரம் மாதிரி. தாளம் நிற்கும், எடுப்பு நிற்கும், நடுவில் வருவது அன்றைக்குத் தோன்றுவது. டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் உருகும் ரசிகர் யாரும், “போன கச்சேரியில வாசிச்ச அதே தோடியை வாசிங்க” என்று கேட்கமாட்டார். ஒவ்வொரு முறையும் ராகம் புதிதாக விரிவதைக் கேட்கத்தான் போகிறார். அந்தக் கணக்கில் பார்த்தால், சபாவில் உட்கார்ந்திருக்கும் கர்நாடக இசை ரசிகரும் ப்ளூஸ் ரசிகரும் ஒரே கட்சி. எதிர்க்கட்சியில் இருப்பது சினிமாப் பாட்டு ரசிகர். ஒரே வீட்டில் அப்பா ஒரு கட்சி, பிள்ளை இன்னொரு கட்சியாக இருப்பதும் உண்டு.

இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. ப்ளூஸ் கிட்டாரில் விரலால் தந்தியைத் தள்ளி ஸ்வரத்தை வளைப்பார்கள். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதற்கு நெருங்கிய சொந்தம் அது. ‘உணர்வு’ என்று ரசிகர்கள் சொல்வது பெரும்பாலும் இந்த வளைவு எவ்வளவு தூரம் போகிறது, எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான்.

கூட்டத்தின் குரலும் பதிவில்

பி.பி.கிங்கின் ‘லைவ் அட் தி ரீகல்’ 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவானது. வேகம் காட்டும் வேலையெல்லாம் அதில் இல்லை. ஒரு வரி பாடுவார், கிட்டார் அதற்குப் பதில் சொல்லும், கூட்டம் கத்தும். கூட்டத்தின் சத்தத்தை எடுத்துவிட்டால் அந்த ஆல்பத்தில் பாதி காணாமல் போய்விடும். “குறைவா வாசிச்சாலும் போதும்” என்று வாதாடும் ரசிகர்கள் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் இதுதான்.

கூட்டம் எதிராகத் திரும்பிய பதிவும் உண்டு. 1982 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ இசைவிழாவில் டெக்சாஸைச் சேர்ந்த ஸ்டீவி ரே வான் வாசித்தார். அப்போது அவருக்கு ஒரு ஆல்பம்கூட வெளியாகவில்லை. கூட்டத்தில் ஒரு பகுதியினர் ‘பூ’ என்று கத்தினார்கள். ஆனால் அந்த வாசிப்பில் அசந்துபோன டேவிட் போவி, தன்னுடைய ‘லெட்ஸ் டான்ஸ்’ ஆல்பத்துக்கு அவரைக் கூப்பிட்டுக்கொண்டார். 1985-ல் அதே விழாவுக்குத் திரும்பியபோது கிடைத்தது பெரிய வரவேற்பு. இரண்டு கச்சேரிகளும் பின்னாளில் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. அன்றைக்குக் கத்தியவர்களின் கருத்தும் அந்தப் பதிவுக்குள் அப்படியே இருக்கிறது.

வாசித்தவருக்கே பிடிக்கலைன்னா?

ராபர்ட் ஜான்சன் 1936-ல் தனியாகக் கிட்டாரோடு பாடிப் பதிவு செய்த ஒரு ப்ளூஸ் பாட்டை, ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற பெயரில் கிரீம் குழு 1968 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் வாசித்தது. அதில் எரிக் கிளாப்டன் வாசித்த சோலோவை, ராக் வரலாற்றின் சிறந்த லைவ் சோலோக்களில் ஒன்று என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் கிளாப்டனுக்கு அதில் அவ்வளவு திருப்தி இல்லை. நடுவில் மூவரும் தாளத்தில் இடம் மாறிவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ரசிகர்களோ, மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துரத்துகிற அந்தப் பதற்றம்தான் பாட்டின் உயிரே என்கிறார்கள். இதில் யார் சொல்வது எடுபடும்? பிழை எங்கே என்று வாசித்தவருக்குத் தெரியும். கேட்பவருக்கு எது பிடிக்கணும் என்பதை அவர் முடிவு செய்ய முடியாது.

23 நிமிஷம் ஓவரா?

ஆல்மன் பிரதர்ஸ் குழுவின் ‘விப்பிங் போஸ்ட்’ 1969-ல் ஸ்டுடியோவில் ஏறக்குறைய 5 நிமிஷம். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் அதே பாட்டு 23 நிமிஷம் ஆனது. இழுக்கிறாங்க என்பவர்களும் உண்டு, முடியவே கூடாது என்பவர்களும் உண்டு. அந்தக் குழுவின் கிட்டாரிஸ்ட் டுவான் ஆல்மன் அதே ஆண்டு அக்டோபரில் பைக் விபத்தில் இறந்துபோனார். வயது 24. அவர் மேடையில் எப்படி யோசித்து வாசித்தார் என்பதற்கு மிஞ்சியிருக்கும் பெரிய சாட்சி இந்த மாதிரிப் பதிவுகள்தான். அவருடைய ரசிகர்களுக்கு ஒரு நிமிஷத்தைக்கூட வெட்ட மனசு வராதது அதனால்தான்.

நிஜமாவே லைவ்தானா?

இதுதான் சூடான கேள்வி. கச்சேரியைப் பதிவு செய்யும்போது ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனி டிராக்கில் போகும். பிசகிய இடத்தைப் பிறகு ஸ்டுடியோவில் திரும்ப வாசித்து மேலே ஒட்ட முடியும். இதற்கு ஓவர்டப் என்று பெயர்.

அயர்லாந்தின் தின் லிஸி குழு 1978-ல் வெளியிட்ட ‘லைவ் அண்ட் டேஞ்சரஸ்’ இந்தச் சண்டைக்குப் பேர்போனது. பெரும்பகுதி ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்கப்பட்டது என்றார் தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி. இல்லை, பெரும்பகுதி மேடையில் வாசித்ததுதான் என்றது குழுவினர் தரப்பு. இன்றுவரை ரசிகர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள்.

நேர் எதிர் உதாரணம், டீப் பர்ப்பிள் குழுவின் ‘மேட் இன் ஜப்பான்’. 1972 ஆகஸ்ட் 15, 16, 17 என மூன்று இரவுகள் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் பதிவானது. எதையும் ஒட்டவில்லை என்பது குழுவின் நிலைப்பாடு. மூன்று இரவுகளின் பதிவுகளும் பின்னாளில் தனியாகவே வெளிவந்தன. ஒரே பாட்டில் ரிச்சி பிளாக்மோர் ஒவ்வொரு இரவும் வேறு வேறு வழியில் போவதை ரசிகர்களே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிகிறது.

ஒரு சின்ன விஷயம். ஒட்டுவது அவ்வளவு சுலபமும் இல்லை. சத்தமாக வாசிக்கும் மேடையில் கிட்டார் சத்தம் டிரம்ஸ் மைக்கிலும் பாடகர் மைக்கிலும் கசிந்திருக்கும். புதிதாக ஒட்டினாலும் பழைய பிசகு பின்னால் லேசாகக் கேட்கும். ஹெட்ஃபோன் மாட்டி உன்னிப்பாகக் கேட்கும் ரசிகர்கள் துப்பறிவது இதை வைத்துத்தான்.

நம்ம ஆட்கள் இருந்த மேடை

ராக்கையும் நம்ம கச்சேரியையும் ஒரே மேடையில் பார்க்கணும்னா ‘சக்தி’ குழுவுக்குப் போகணும். இங்கிலாந்தின் ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல்.சங்கர் வயலின், விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபேலா. இவர்களின் முதல் ஆல்பமே லைவ் பதிவு. 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் எடுத்தது.

அதற்கு முன் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் காதைப் பிளக்கும் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர் மெக்லாஃப்லின். சக்தியில் அகூஸ்டிக் கிட்டாருக்கு வந்தார். கூடுதல் தந்திகள் பொருத்தி, தந்தியை ஆழமாக இழுக்க வசதியாக ஃப்ரெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழித்துச் செய்த கிட்டார் அது. எல்லாம் கமகத்துக்காகத்தான். பின்னாளில் இதே குழுவின் மறுபிறவியான ‘ரிமெம்பர் சக்தி’யில் எலக்ட்ரிக் மாண்டலினோடு யு.சீனிவாஸ் சேர்ந்தபோது, மேற்கத்திய வாத்தியத்தில் கமகம் வருமா என்ற பழைய கேள்விக்கு மேடையிலேயே பதில் கிடைத்தது. 2023-ல் வந்த சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பம் அடுத்த ஆண்டு கிராமி விருது வென்றது.

வாசித்தவர் பெயர் என்ன?

ரசிகர் சண்டையில் அதிகம் அடிபடாத, ஆனால் அடிபட வேண்டிய கேள்வி இது. பி.பி.கிங் ஆல்பத்தில் அட்டையிலேயே அவர் பெயர் இருக்கும். நம்ம சினிமாப் பாட்டு கேசட்டில் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் பெயர்கள் இருக்கும்; கிட்டார் வாசித்தவர் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. 1990-களில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் ஆல்பங்களில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களைப் போட ஆரம்பித்தது முக்கியமான மாற்றம்.

இதனால் இன்னொரு குழப்பமும் வருகிறது. மேடையில் வாசிப்பவரையே ஒரிஜினலில் வாசித்தவர் என்று நினைத்துப் பாராட்டிவிடுகிறோம். உதாரணத்துக்கு, ரஹ்மான் இசையில் 2011-ல் வந்த ‘ராக்ஸ்டார்’ இந்திப் படத்தின் ‘சட்டா ஹக்’ பாட்டில் லீட் கிட்டார் வாசித்தவர் ஆஸ்திரேலியாவின் ஓரியாந்தி. மைக்கேல் ஜாக்சனின் கடைசி ஒத்திகைகளில் கிட்டார் வாசித்தவர் இவர்தான். அந்தப் பாட்டின் லைவ் வீடியோ எதைப் பார்த்தாலும், வாசிப்பது யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. பாராட்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகணும் இல்லையா?

மொபைலில் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது

• போன் ஸ்பீக்கரில் பேஸ் கிட்டார் கிட்டத்தட்டக் காணாமல் போகும். லீட் கிட்டார் எதன் மேல் நிற்கிறது என்பதே தெரியாது. ஹெட்ஃபோன் கட்டாயம்.

• கூட்டத்தில் இருந்து போனில் எடுத்த வீடியோ என்றால், போன் தானாகவே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். மெல்ல வாசித்து, படிப்படியாக ஏற்றும் சோலோ அதில் தட்டையாகக் கேட்கும். அதை வைத்து ‘ஃபீல் இல்லை’ என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

• 30 விநாடி ரீல்ஸில் வேகமாக வாசிப்பவர்தான் ஜெயிப்பார். நிதானமாக வாசிப்பவருக்கு அந்த 30 விநாடியில் சோலோ தொடங்கியே இருக்காது. முழுப் பாட்டையும் கேளுங்க.

• கையும் சத்தமும் பொருந்துகிறதா என்று பாருங்க. பொருந்தவில்லை என்றால் எடிட்டிங்கில் வேறு இரவின் காட்சியைச் சேர்த்திருக்கலாம். அதை மட்டும் வைத்து ஓவர்டப் என்று சொல்லிவிட முடியாது.

அப்போ யார் சொல்வது சரி?

முதலில் பார்க்க வேண்டியது அது எந்த வகைப் பாட்டு என்பதைத்தான். ‘இளைய நிலா’வில் கிட்டார் எழுதப்பட்ட பகுதி, அங்கே ஒரு ஸ்வரம் தவறினாலும் குறை சொல்ல ரசிகருக்கு உரிமை உண்டு. ‘விப்பிங் போஸ்ட்’ வாசிப்பவருக்காகத் திறந்துவிட்ட மைதானம். அங்கே ரெக்கார்டில் இருப்பதையே வாசித்தால்தான் ஏமாற்றம். ஒன்றின் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு போய் இன்னொன்றை அளக்கும்போதுதான் சண்டை வருகிறது.

லைட் மியூசிக் மேடையில் நிற்கும் கிட்டார்காரருக்கு இது வெறும் ரசனைப் பேச்சு இல்லை. வருஷம் முழுக்க அடுத்தவர் வாசித்ததைப் பிசகாமல் வாசித்துக் கொடுப்பவருக்கு, சொந்தமாக வாசிக்கக் கிடைப்பது பாட்டுக்கு முன்னாடி வரும் சில விநாடிகள்தான். அடுத்த திருவிழாவில் அந்தச் சில விநாடிகளையும் கேட்டுப் பாருங்க. முடிந்ததும் அவர் பெயரையும் கேட்டுக்கோங்க.