செம்முகமும் வெள்ளி மேனியும்

நீராவி இஞ்சின் ஆண்ட காலமெல்லாம் ரயிலுக்குக் கறுப்பே இயற்கையான வர்ணமாக இருந்தது. எத்தனை அழகான நிறத்தைப் பூசினாலும் நாலு பிரயாணம் போய் வருவதற்குள் கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதை மூடிவிடும் என்று அனுபவத்தில் கண்ட அமெரிக்க ரயில்வே நிர்வாகிகள், பெரும்பாலும் கறுப்பையே பூசி, பக்கத்தில் இஞ்சினின் எண்ணையும் கம்பெனியின் பெயரையும் எழுதி வைப்பதோடு திருப்தி அடைந்திருந்தார்கள். 1930களில் டீசல் இஞ்சின் வந்ததும் அந்த நியாயம் மறைந்தது. கொதிகலனும் குழாய்களும் தண்டுகளும் வெளியே தெரிந்த இடத்தில், தகட்டால் மூடிய வழவழப்பான முகம் ஒன்று வந்து நின்றது. முகம் என்று ஒன்று ஏற்பட்ட பிறகு அதற்கு ஒரு களை வேண்டும் அல்லவா?

அந்தக் களையைத் தேடியவர்களில் முதலில் சொல்ல வேண்டியது, ஆட்ச்சிசன், டொபீகா அண்டு சான்டா ஃபே என்ற நீண்ட பெயரைச் சுருக்கி சான்டா ஃபே என்று உலகம் அழைத்த ரயில்வேயை. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை 2,200 மைலுக்கு மேல் ஓடும் அதன் பாதை, நல்ல தண்ணீர் கிடைப்பதே அரிதான நியூ மெக்ஸிகோ, அரிசோனா பாலைப் பிரதேசங்களைக் கடக்கிறது. ஆகவே தண்ணீர் குடிக்காத டீசலை அது ஆவலோடு வரவேற்றதில் வியப்பில்லை. 1936 மே 12ஆம் தேதி ‘சூப்பர் சீஃப்’ என்ற எக்ஸ்பிரஸ் புறப்பட்டு, நாற்பது மணிக்குக் கால் மணி குறைவான நேரத்தில் அவ்வளவு தூரத்தையும் கடந்தது. அதை இழுத்த இரட்டை இஞ்சின்களோ சதுரப் பெட்டிகள்தாம். ஆலிவ் பச்சை, நீலம், சிவப்பு என்று பல வர்ணங்களைப் பூசிப் பார்த்தும் பெட்டி பெட்டியாகவே இருந்தது.

மறு வருஷம் நிலைமை மாறியது. ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த எலெக்ட்ரோ-மோட்டிவ் ஸ்தாபனம், இல்லினாய் மாநிலத்து லா கிரேஞ்சில், சரிந்த மூக்கும் 1,800 குதிரைச் சக்தியும் கொண்ட ‘ஈ-1’ இஞ்சின்களைச் செய்து கொடுத்தது. அவற்றுக்கு வர்ணம் வகுத்தவர் ஜெனரல் மோட்டார்ஸின் சித்திரக்காரரான லீலண்ட் நிக்கர்பாக்கர். இஞ்சினை விற்பவரே அதன் ஆடையையும் தைத்துத் தரும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. மூக்கையும் சாரதியின் அறையையும் சிவப்பு மூடி, அங்கிருந்து வளைந்து பின்னோக்கி ஒடுங்கிச் செல்ல, அதன் விளிம்பு நெடுகிலும் கறுப்புக் கோட்டோடு மஞ்சள் பட்டை ஓட, எஞ்சிய உடலெல்லாம் வெள்ளி நிறமாகப் பளபளத்தது. செவ்விந்தியத் தலைவர்கள் அணியும் இறகு மகுடத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தாற்போல் அது அமைந்ததால், ‘வார்பானெட்’, அதாவது போர் மகுடம், என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

இதன் சௌந்தரியத்தின் ரகசியம் வர்ணத்தில் மட்டும் இல்லை என்பது என் அபிப்பிராயம். பட் கம்பெனி செய்த பெட்டிகள் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. அவற்றுக்குப் பூச்சே தேவையில்லை. இஞ்சினின் வெள்ளி அந்தப் பெட்டிகளின் வெள்ளியோடு கலந்துவிட, முழு ரயிலும் ஒரே உடலாகி, தலையில் மட்டும் சிவப்பு எரிகிறது. தனி இஞ்சினுக்காக அல்லாமல் கடைசிப் பெட்டி வரையில் மனத்தில் வைத்துத் தீட்டிய சித்திரம் அது. எழுத்தும் அவ்வாறே அடக்கமாக இருந்தது: மூக்கில் வளைவைத் தழுவிய மஞ்சள் சின்னம், அதன் நடுவில் வட்டமும் சிலுவையும், வெள்ளிப் பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில் கம்பெனியின் பெயர். நிறமே பெயரைச் சொல்லிவிடுகிற இடத்தில் எழுத்து உரக்கக் கத்த வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. நீண்ட இறகு மகுடம் வடக்கே சமவெளிகளில் வாழ்ந்த லகோட்டா, ஷையன் முதலிய மக்களுக்கு உரியது. அந்த ரயில் கடந்து சென்ற நியூ மெக்ஸிகோவின் பியூப்ளோ மக்களுக்கோ நவஹோ மக்களுக்கோ அது சம்பிரதாய உடை அன்று. பெட்டிகளுக்கு அக்கோமா, லகூனா என்று அவர்களுடைய ஊர்களின் பெயர்களைச் சூட்டிவிட்டு, இஞ்சினுக்கு வேறொரு ஜனத்தின் மகுடத்தை அணிவித்ததில், அழகு கூடினாலும் உண்மை குறைந்துதான் போயிற்று.

சரக்கு ரயில்களுக்கு இந்த ராஜ அலங்காரம் கிட்டவில்லை. 1940களின் தொடக்கத்தில் வந்த ‘எஃப்டி’ இஞ்சின்கள் கருநீலமும் மஞ்சளும் பூண்டு மலைகளில் உழைத்தன. யார்டுகளில் பெட்டிகளைக் கோத்துப் பிரிக்கும் இஞ்சின்களுக்கோ கறுப்பின் மேல் வரிக்குதிரைக் கோடுகள் வந்தன. தண்டவாளத்தைத் தாண்டி நடக்கும் தொழிலாளியின் கண்ணில் உடனே பட வேண்டும் என்ற கவலையில் பிறந்தவை அவை. ஆபரணத்தைக் காட்டிலும் உயிரைக் காப்பது பெரிது என்பதால், அந்தக் கோடுகளிடம் எனக்குத் தனி மரியாதை உண்டு.

1971இல் பிரயாணிகள் ரயில்களை ஆம்ட்ராக் என்ற தேசிய ஸ்தாபனம் ஏற்றுக்கொண்டபின் செம்முகத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. மறு வருஷமே அதே வளைவை நீலத்திலும் மஞ்சளிலும் சரக்கு இஞ்சின்களுக்குத் தீட்டினார்கள். 1989இல் சிவப்பும் வெள்ளியுமே திரும்பி வந்தன, இம்முறை சரக்கு வண்டிகளை இழுக்க. பழைய இஞ்சின்களில் ஒன்றான 347சி, கலிஃபோர்னியாவின் சேக்ரமென்டோ நகரத்து ரயில்வே மியூசியத்தில், ஓட்டமெல்லாம் ஓய்ந்து, சிவந்த மூக்கில் அந்த மஞ்சள் சின்னத்தோடு நிற்கிறது.